பதினைந்து பதினைந்தாக

புனலூர் சஜிமோன் விற்ற கிராபிக்ஸ் கார்டு.
இரண்டு வருடம் இணையக் காசு தோண்டியது,
ஆறு கார்டுகளோடு ஒரே கம்பித் தட்டில்
ராப்பகல் பார்க்காமல்.
"குழப்பமில்லா, நல்ல சாதனம்" என்றான்.
அன்னாசி ஏற்றிய லாரியில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுத்து
எஸ் வளைவு இறங்கி வந்தது.
புளியரைச் சாவடியில்
குப்பை ஏதும் இருக்கா என்று கேட்டார்களாம்.
இல்லை என்றாராம் டிரைவர்.
எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

திருகாணி கழற்றினால் உள்ளே காய்ந்த பசை,
அப்பள விளிம்பு மாதிரி உதிர்ந்தது.
காது குடையும் பஞ்சால் துடைத்தேன்.
பளபளத்த சில்லில் என் மூக்கு தெரிந்தது.

சுரண்டை ஆவுடையப்பனின் கல்யாண மண்டபம்
இன்னும் கட்டப்படவில்லை.
காலை ஏழு மணிக்கு
வங்கி மேலாளரை அதற்குள் நடத்திக் காட்ட வேண்டும்:
வாசல், படிக்கட்டு, பந்தி,
நானூறு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் நிழல்.
இருக்கிற வேகத்தில் ஏழு நாற்பதுக்கு முடியும்.
நாற்பது நிமிடம்.
அதைத் தேடித்தான் உட்கார்ந்தேன், இரவு பதினோரு மணிக்கு.

1905.
பதினைந்து கூட்டு. சோதி. பதினைந்து கூட்டு.
அச்சன்புதூர் ஹமீதாவிடமும் இதே கார்டு,
வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கம்தான் வேறு.
"என்னது 2070ல ஓடுது, ஒரு தும்மல் கெடையாது"
என்று குரல் அனுப்பியிருந்தாள்.
ஒரே ஈட்டில் வெந்த இட்லியிலும்
ஓரத்துக் குழி என்று ஒன்று உண்டே, ஹமீதா.

1965இல் எண்பத்து மூன்று டிகிரி.
விசிறி கீழே பஞ்சர் கடை கம்ப்ரசரோடு
போட்டிக்கு நின்றது.
அதற்கு மேல் சுட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
சுட்டால் விட்டுவிடு என்று
அதற்குள் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.
எனக்குள் யாரும் எழுதவில்லை.

மேற்குச் சன்னலைத் திறந்தேன்.
ஆனி மாதம்.
கணவாய் வாயைத் திறந்தபடி தூங்குகிற மாதம்.
அந்தப் பக்கம் பெய்தது போக மிச்சக் குளிர்
ஆரியங்காவு தாண்டி, தென்னைகளை உலுக்கி,
மேசைக்கு வந்தது.
எண்பத்து மூன்று, எழுபத்தாறு, எழுபத்தொன்று.
அரிசி மூட்டைக்கு லாரியைக் குத்திப் பார்க்கிறவர்கள்
இதை எப்படி விட்டார்கள்?

2010.
2025. நானே கைதட்டினேன்.
2040.

முதலில் நாற்காலிகளில் ஊதாப் பொட்டுகள்.
பிறகு பந்தியின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு,
இலை போட மறந்து கோடு மட்டும் போட்ட மாதிரி.
மண்டபத்துக் கூரை பிய்ந்தது.
கறுப்பு.

விசிறி நின்றதும்தான் காதில் விழுந்தது,
இவ்வளவு நேரமும் தூறிக்கொண்டிருந்திருக்கிறது.
பகவதிபுரம் பக்கம் ஒரு வண்டி மலையேறியது,
முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின்,
நடந்து போகிறவன் அதோடு பேச்சுக் கொடுக்கலாம்
அப்படி ஒரு வேகம்.
மணி ஒன்றரை.
நாற்பது நிமிடத்தைத் தேடி
இரண்டரை மணி நேரம் தொலைத்திருந்தேன்.

1995இல் நிறுத்தினேன். ஹமீதாவிடம் சொல்லவில்லை.
கீபோர்டில் சாரல் முத்து முத்தாக நின்றது,
பாதிச் சன்னலைச் சாத்தினேன். இரண்டு டிகிரி ஏறியது.
ஏறட்டும்.
அப்புறம், யாருக்கும் தெரியாமல்,
பின்வரிசை முந்நூறு நாற்காலிகளின்
நிழலை அணைத்தேன்.

ஆறு ஐம்பதுக்கு முடிந்தது.
மேலாளர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாராம்,
வட்டி பேசுவதற்கு.
அவர் போகாத இடத்தில்
முந்நூறு நாற்காலிகள்
தரையில் கால் படாமல் நின்றுகொண்டிருந்தன.