கைமாற்று

பதினாறாம் நாள் பந்தலைப் பிரித்ததும்
வாடகைக் கடைக்காரர் நாற்காலிகளை எண்ணினார்.
நூற்றிருபது வந்தது, நூற்றுப்பதினெட்டு திரும்பியது.
அவரிடம் சீட்டு இருந்தது.
இரண்டுக்குப் பணம் கொடுத்தேன்.

அவர் போன பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

வலங்கைமான் டீசல்காரர், முப்பத்தெட்டாயிரம்.
அறுவடை மிஷினுக்கு பெல்ட் மாற்றிய
ஆத்தூர் மெக்கானிக், எழுபது.
பெயர் சொல்லாத ஒரு பெரியவர்,
"உன் வீட்டுக்காரருக்குத் தெரியும்மா" என்றார்.
தெரிந்தவரைத்தான்
குடமுருட்டிக் கரையில் எரித்துவிட்டு வந்திருந்தோம்.

எல்லோரும் சொன்னது ஒன்றே:
"நமக்குள்ள என்ன எழுத்து."
அந்த நமக்குள்ளே
நான் இல்லை.

பக்கிரிசாமிக்கு எழுதத் தெரியாமல் இல்லை.
யார் வயல், எத்தனை மணி, எத்தனை நிமிஷம்
எல்லாம் டீசல் டேங்கின் மேல் சாக்பீஸில் எழுதுவார்.
மழை பெய்தால்
வயல்காரர் சொல்வதே கணக்கு.
கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
பிள்ளையார் சுழி போட்டு
லாபம் என்று எழுதி
அதோடு மூடி வைத்துவிட்டார்.
இன்றைக்கும் அந்த நோட்டில்
லாபம் மட்டும்தான் இருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில்
நெல்லின் ஈரத்துக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள்,
பதினேழு புள்ளி இரண்டு என்கிறது.
பேச்சின் ஈரத்தை எதில் போட்டு அளப்பது?
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
ஏட்டில் ஏறாத சுரைக்காயைத்தான்
இரண்டு மாதமாய் அரிந்துகொண்டிருக்கிறேன்.

கடைசியாகக் கலியமூர்த்தி வந்தார்.
மிஷினில் அவருக்கும் பங்கு,
ஆர்.சி. புத்தகத்தில் என் கணவர் பெயர் மட்டும்.
தண்ணீர் வாங்கிக் குடித்தார்.
சம்பாவில் புகையான் விழுந்ததைச் சொன்னார்.
முறைத் தண்ணீர், யூரியா, மகளின் நர்சிங் படிப்பு.
நானே கேட்டேன், "எவ்வளவுண்ணே?"
"நாலு லட்சம்."
பிறகு தரையைப் பார்த்தபடி,
"மேட்டூர் தாமதமா திறந்த வருஷம்
நாற்பதோ அறுபதோ அவன்கிட்ட வாங்கினேன்,
காதுகுத்துக்கு.
அது கணக்குல கழிச்சதா, சும்மா கொடுத்ததா,
அவனைத்தான் கேக்கணும்."
அழுதார்.
நண்பனுக்கா, பணத்துக்கா, மறந்துபோனதற்கா, தெரியவில்லை.
மற்றவர்கள் யாரும்
தொகை சொல்லும்போது தடுமாறவில்லை.

போன வருஷம் எங்கள் ஊர்க் கோயிலில்
கல்வெட்டுப் படியெடுக்க வந்த பெண்
சுவரைத் தடவி வாசித்துக் காட்டினாள்.
ஒரு விளக்கு எரியத் தொண்ணூற்றாறு ஆடு,
சாவா மூவா ஆடு.
கொடுத்தவன் பெயர், ஏற்றுக்கொண்ட இடையன் பெயர்,
நாளுக்கு எத்தனை உழக்கு நெய்,
முடிவில் எழுதியவனின் கை:
இவை என் எழுத்து.
சாமிகிட்டயே பத்திரமா என்று சிரித்தேன்.
ஆடுகள் செத்திருக்கும், இடையனும் செத்திருப்பான்.
அப்போது பிறந்தே இராத யாரோ ஒருவனுக்காக
அந்தக் கல்லில் உளி வைத்திருக்கிறார்கள்.

நோட்டை எடுத்தேன்.
லாபத்துக்குக் கீழே எழுதினேன்:
கலியமூர்த்தி போட்டது நாலு லட்சம்.
கழிவு, நாற்பதா அறுபதா தெரியாததால்
ஐம்பது என்று இருவரும் ஒப்புகிறோம்.
அறுவடைக்கு அறுவடை ஐம்பதாயிரமாக ஏழு தவணை.
நான் இல்லாவிட்டால் என் மகன் இளமாறன் கொடுப்பான்.
அவர் இல்லாவிட்டால் சகுந்தலா அண்ணி வாங்குவார்.

"நமக்குள்ள எதுக்கும்மா..." என்று தொடங்கினார்.
பேனாவை நீட்டினேன்.
ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டினேன்.
நாக்கின் ஈரம்
அதற்காவது உதவட்டும்.

இவை ரெத்தினாவதி எழுத்து.

பெயர் சொல்லாத பெரியவருக்கு
ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.