தொகுதி மூன்று: படுக்கை விரிப்புகள்

பென்யார்தா நகராட்சியில் நான்
ஒப்பந்தப் பிரிவு எழுத்தர்.
அஸ்தூரியாஸ் மலைமடிப்பில் எங்கள் ஊர்.
கடைசிச் சுரங்கம் மூடிய மாதம்
எனக்குப் பதவி உயர்வு.
கைகுலுக்கியவர்கள் எல்லோரும்
வேலை இழந்தவர்கள்.

முதலில் வந்தது ரவுண்டானா.
நடுவே ஒரு நிலக்கரி வண்டி, வண்டி நிறையச் செவ்வந்தி.
அப்புறம் தொழிற்பேட்டை:
அறுபது மனைகள், அறுபது விளக்குக் கம்பங்கள்.
யாரோ வரப்போவதுபோல்
இரவெல்லாம் எரிந்தன.
அப்புறம் அருங்காட்சியகம்.
தலைக்கவசம் மாட்டிப் படமெடுத்துக்கொண்டு
சாப்பாட்டுக்குக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள் பயணிகள்.
அப்புறம் கால்சென்டர்.
வரிவிலக்கு மூன்று வருடம்,
அது இருந்ததும் மூன்று வருடம்.
போகும்போது நாற்காலிகளை விட்டுப் போனார்கள்.
அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.
முதுகுக்கு நல்ல நாற்காலி.

மாட்ரிட்டிலிருந்து ஆலோசகர்களும் வந்தார்கள்.
உங்கள் ஊரின் பலம் என்ன,
மஞ்சள் தாளில் எழுதி ஒட்டுங்கள் என்றார்கள்.
வரிவசூல் எலோயீனா எழுதினாள்: மழை.
அறிக்கையில் அது
'இயற்கை வளம்' ஆகியிருந்தது.

பிறகு ஒரு பிப்ரவரி.
கணவாயைப் பனி அடைத்து நான்கு நாள் லாரி வரவில்லை.
நகராட்சி முதியோர் இல்லத்தில் விரிப்புகள் தீர்ந்து
திருவிழா மேசைத்துணியை விரித்துப் படுக்கவைத்தார்கள்.
திராட்சைக் கொத்து அச்சிட்ட துணி.
அன்றுதான் கேட்டேன்,
நம் அழுக்கு எங்கே போகிறது?

இருநூற்று நாற்பது கிலோமீட்டர் போகிறது.
மலை தாண்டி, வெளுத்து,
மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறது.
கோப்புகளைப் பிரித்தேன்.
ரொட்டி, பால், சன்னல் கண்ணாடி, சவர்க்காரம்:
கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்குப் பதினோரு லட்சம் யூரோ
கணவாய் ஏறிப் போகிறது.
அது மட்டும் திரும்பி வருவதில்லை.
குடத்தில் ஓட்டை.
நாங்களோ இருபது வருடமாய்
இன்னொரு குழாய் தேடி அலைந்தோம்.

உள்ளூர்க்காரருக்கே கொடு என்று எழுதச்
சட்டம் விடாது.
அப்படி எழுதவுமில்லை.
ஒரே பெரிய ஒப்பந்தத்தை எட்டாக உடைத்தேன்.
லாரிப் புகைக்கு மதிப்பெண் வைத்தேன்.
தொகுதி மூன்றில் ஒரு வரி சேர்த்தேன்:
'கேட்ட ஆறு மணி நேரத்துக்குள் துணி வந்து சேர வேண்டும்,
கணவாய் மூடியிருந்தாலும்.'
என் வாழ்நாளில் நான் எழுதிய
நல்ல வாக்கியம் அது.

பதினான்கு பேர் சேர்ந்து விண்ணப்பித்தார்கள்.
வேலையிழப்புப் படியை மொத்தமாய் வாங்கி
இயந்திரம் எடுத்தார்கள். ஒன்று இத்தாலியப் பழசு,
சுழலும்போது நடந்து வாசல்வரை வந்துவிடும்.
இடம்: சுரங்கத்தின் உடைமாற்றும் கூடம்.
கரித்துணிகளைச் சங்கிலியில் கூரைக்கு ஏற்றி
உலர்த்திய கொக்கிகள் அப்படியே இருந்தன.
இப்போது மேலே முழுக்க வெள்ளை.
தெல்மீரோ தன் பழைய எண்ணைத் தேடினான்.
இருநூற்றுப் பதினொன்று.
ஒரு தலையணை உறை தொங்கியது.
ஒன்றும் சொல்லவில்லை,
ஈரம் போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்தான்.

பதினான்கு வேலை.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்கிறது எதிர்க்கட்சி.
சரிதான்.
ரொட்டித் தொகுதிக்கு யாருமே விண்ணப்பிக்கவில்லை.
பள்ளியில் இந்த வருடமும் ஒரு வகுப்பைப் பூட்டினார்கள்.
ராட்டர்டாமிலிருந்து மகள் கேட்கிறாள்,
அங்கே என்ன புதுசு?
எதிரே இருக்கும் மதுக்கடை
ஆறு மணிக்கே திறக்கிறது என்கிறேன்.
முன்பு எட்டு.
அவ்வளவுதானா என்று சிரிக்கிறாள்.

நான்கு வருடத்தில் ஒப்பந்தம் முடியும்.
மலைக்கு அப்பால் உள்ள நிறுவனம்
இந்தமுறை விலையை இறக்கிக்கொண்டு வரும்.
அவர்களிடமும் வக்கீல்கள் உண்டு,
படிக்கத் தெரிந்தவர்கள்.

வெளியே எலோயீனாவின் மழை.
விளக்கை அணைக்காமல்
அந்த ஒரு வாக்கியத்தைத்
திருத்திக்கொண்டிருக்கிறேன்.