செப்டம்பர் பக்கம்

பழைய விதிப்புத்தகம் கெட்டி அட்டை,
தையல் போட்டது. ஒரு தாள்கூடப் பிரியாது.
அதில் ஆற்றுக்கு ஒரே ஒரு கோடு:
மழையில் ஏறும், கோடையில் இறங்கும்,
இடையில் எங்கும் ஆள் இல்லை.

இருபத்தாறு வருஷம்
அந்தக் கோட்டின் மேல்தான் நடந்தேன்,
மாலியின் மேற்கே கொரொஃபாலா அணையில்
இரவுப் பணியாளன்.
விசையாழி சுற்ற வேண்டும்; சுற்றியது.
மூன்று நாட்டுத் தலைநகரங்களில் விளக்கெரிந்தது.
காயெஸில் என் தம்பி
வெல்டிங் பட்டறை வைத்தான்.
கீழே, வெள்ளம் வடிந்த சேற்றில்
சோளம் விதைப்பவர்களுக்கு
வெள்ளம் வராமலே போனது
பிழையென்று எங்கும் பதிவாகவில்லை.
அவர்களுக்கான பத்தியே அதில் கிடையாது.

அஸ்தான் சிசோகோ வந்தது மார்ச் மாதம்.
நீரியல் படித்தவள். மடிக்கணினியோடு
ஒரு சாக்குப் பையும் இறக்கினாள்.
ஆற்றோரம் ஊர் ஊராய்ப் போய்ச் சேர்த்த மண்:
பாளம் வெடித்த மண், உப்புப் பூத்த மண்,
கடைசி வெள்ளத்தின் வண்டல்
அப்பளமாய் உரிந்துவந்த மண்.
கூட்ட மேசையில் பரப்பிவைத்தாள்.
மின்வாரியத்தார் தன் தேநீர்க் குவளையைக்
கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

நான்கு நாள் வாதம்.
நெல்லுக்கு இறைப்பவர்கள் சீரான நீர் கேட்டார்கள்.
மீனவர்கள் சீரில்லாத நீர் கேட்டார்கள்,
கரை தாண்டி ஏறினால்தானே மீன் முட்டையிடும்.
மாட்டுக்காரர் யெரோ கேட்டது நீரே இல்லை,
நீர் போன இடத்தில் முளைக்கும் புல்.
படகுக் கம்பெனிக்கு ஆழம்.
வாரியத்துக்கு உயரம்.
ஒரே தண்ணீரை
நின்றபடி கேட்டார் ஒருவர்,
ஓடியபடி கேட்டார் ஒருவர்,
போய்விட்டபடி கேட்டார் ஒருவர்.

கடைசியில் புதுக் கோடு பிறந்தது.
அழகாக இல்லை. செப்டம்பரில் ஒரு திமில்:
பத்து நாள், விநாடிக்கு இரண்டாயிரம் கனமீட்டர்,
நீர்மட்டம் இருநூற்றைந்து மீட்டரைத் தாண்டினால் மட்டும்.
அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்கு
ஒரு முழு மதியம் ஆனது.

முதல் செப்டம்பர்.
இருநூற்றைந்தும் நாலு விரற்கடையும்.
அடி மதகுகளைத் திறந்தேன்.
தரை அதிர்ந்தது. குவளைத் தேநீரில்
வட்டத்துக்குள் வட்டம்.
அணையின் காலடியில் நீர் ஏற ஏற
விசையாழி சோர்ந்தது, முள் சரிந்தது.
தம்பி கூப்பிட்டான்: "கரண்ட் ஏன் மங்குது?"
"பங்கு பிரிக்கிறோம்" என்றேன்.
வைத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் தெரியாத எண்.
குண்டெல்லாவிலிருந்து பென்டா சார்.
நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்,
பொய் சொல்வானேன்.
"என் நாற்றங்காலைக் கொண்டுபோய்விட்டீர்கள்.
இருபத்தாறு வருஷமாய் வராத தண்ணீர்
சொல்லாமல் கொள்ளாமல் வந்தால்
அது விருந்தாளியா, திருடனா?"

பின்னால் பிள்ளைகளின் கூச்சல்,
குதித்துக் குளிக்கிற கூச்சல்.
அது எனக்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு:
"களிமண் படுகை முழுக்க முழுகிவிட்டது.
என் மைத்துனன் சோள விதை தேடிப்
பரணில் ஏறியிருக்கிறான்.
அவனுக்குச் சரி.
என் நாற்றுக்கு யார் பொறுப்பு?"

புத்தகத்தைப் புரட்டினேன்.
அட்டவணை இருந்தது, வரைபடம் இருந்தது,
அவசர எண்கள் இருந்தன.
"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.
இத்தனை வருஷத்தில்
கீழேயிருந்து வந்த ஒருவரிடம்
நான் சொன்ன முதல் வாக்கியம் அது.

விடியலில் அஸ்தான் வந்தாள்.
புதுப் புத்தகத்துக்குத் தையல் இல்லை,
மூன்று வளையம் போட்ட கோப்பு.
அச்சகத்தில் சண்டை போட்டு
அப்படி வாங்கினாளாம்.
செப்டம்பர் பக்கத்தைக் கழற்றிப்
பென்சிலால் எழுதினாள்:
திறக்கும் முன், பத்து நாள் இருக்கையில்,
கீழுள்ள ஒவ்வோர் ஊருக்கும் சொல்.

அதன்கீழ் நான் கிறுக்கினேன்:
நாற்றுக்கு ஈடு, யார்?
கேள்விக்குறியை அவள் அழிக்கவில்லை.
வளையம் டக்கென்று மூடியது.
வெளியே
இன்னும் ஒரு நாள் தண்ணீர் பாக்கி.