நாடியில் ஒரு தீற்று

புதுக்குடியிருப்பில், பரந்தன் வீதியில்
தகரக் கூரை போட்ட கடை எனது.
'எண்ணெய் ஓவியம் போல, இரண்டு நாளில்'
என்று வாசல் பலகை சொல்கிறது.
எண்ணெய் இல்லை. துணி இல்லை.
ஒரு பேனா,
தவணைக் காசு முடியாத ஒரு திரை,
கரண்ட் நின்றால் தூரிகையும் நிற்கும்.

மிதுர்சனா ஸ்கூட்டியைக் கிரவலில் சரித்து நிறுத்தி
ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.
ஆவணி பதினொன்றில் கலியாணம்.
மண்டப வாசலில் நாலடி உயரத்துக்கு அவள் முகம்.
மாப்பிள்ளை வீட்டார் ஸ்காபரோவில் திருத்தி
எனக்கு முன்னமே அனுப்பியிருந்த படத்தில்
கண் இருந்தது, மூக்கு இருந்தது,
தோல் மட்டும்
திறக்காத பால்மாப் பேணியின் மூடி.

"நாடியில இருந்தது எங்கை?" என்றாள்.

கீழுதட்டுக்கு ஒரு விரற்கடை கீழே
சரிந்து கிடக்கும் பிறை.
எப்படி என்று நான் கேட்கவில்லை.
இங்கே அதை யாரும் கேட்பதில்லை;
வயதைக் கேட்டால் போதும்,
கழித்துப் பார்க்கலாம்.

கதவடி வெயிலில் நிற்கவைத்துப் புதிதாக எடுத்தேன்.

"ஒரு பொத்தானை அமத்தினா எல்லாம் வருமே அக்கா"
என்றான் அன்ரன் றெக்சன், உதவிக்கு நிற்கிறவன்.
அமத்திக் காட்டினேன்.
கண்ணுக்கும் சுவருக்கும் ஒரே சுழி.
சேலைக் கரைக்கும் இமைக்கும் ஒரே அலை.
அதற்கு இது ஒரு ஆள் என்று தெரியாது.

முதலில் எல்லாவற்றையும் மங்க விட்டேன்:
கண்ணைச் சுருக்கினால் எந்த முகமும்
நாலு நிழலும் ஒரு வெளிச்சமும்தான்.
பிறகு அகலத் தூரிகை, மயிர் பிரிந்த நுனி,
அழுத்தம் எழுபது.
நெற்றிக்குக் காவி, கன்னத்துக்கு நனைந்த செங்கல்,
தாடையின் கீழே பச்சை.
தோலுக்குள் பச்சை உண்டென்று நம்ப
எனக்கு மூன்று வருடம் எடுத்தது.
காதோரம் பின்னணிக்குள் கரையட்டும்,
கண்ணோரம் மட்டும் கத்தி.
பிறையையும் வைத்தேன்,
ஒரே இழுப்பில், தடிப்பாக, வெளிறிய ரோசாவில்.
அடுக்கு முப்பத்தொன்று.
எனக்கே என்னில் ஒரு பெருமை.

இரண்டாம் நாள் வந்தாள்.
கிட்ட நின்று பார்த்தாள், கதவடிக்குப் போய்ப் பார்த்தாள்.

"வடிவாத்தான் கிடக்கு.
ஆனா எல்லாமே காயம் மாதிரிக் கிடக்கு அக்கா.
இதுக்குள்ள என்ரை எது?"

அவர்கள் அழித்தார்கள்.
நான் சனத்துக்குள் விட்டுத் தொலைத்திருக்கிறேன்.

ஒரு தீற்று தெரியவேண்டுமென்றால்
பக்கத்துத் தீற்றுகள் பேசாமலிருக்க வேண்டும்.
அதே தேய்க்கும் தூரிகையை,
ஸ்காபரோவில் அவர்கள் பிடித்திருக்கக்கூடிய அதையே,
எடுத்து,
உதட்டின் கீழே, தாடையில், கழுத்தில்
சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்தேன்.
பிறையிருந்த அடுக்கை அழித்தேன்.
வெறும் நாடி.
பேனாவை அவளிடம் நீட்டினேன்,
ஏன் நீட்டினேன் என்று இன்னும் தெரியாது.

அவள் கை பேனாவுக்குப் பழகாத கை.
அழுத்தம் கூடிவிட்டது.
கோடு நாடியைத் தாண்டி
கழுத்துச் சங்கிலி வரைக்கும் ஓடியது,
உள்ளதைவிட மும்மடங்கு நீளம்.
என் விரல் பின்வாங்கும் விசையில் நின்றது.
றெக்சன் என்னைப் பார்த்தான்.

"இவ்வளவுதான் இருந்தது" என்றாள்,
"முந்தி."

சேமித்தேன்.
மிதுர்சனா, இறுதி, மூன்று.
அச்சடிக்கக் கிளிநொச்சிக்கு அனுப்பவேண்டும்,
மிச்சம் மூவாயிரம், படம் எடுக்கும்போது தரலாம்.

கண்ணாடி பார்க்காமலே ஹெல்மெட்டைப் போட்டு
வாரை நாடிக்கு அடியில் இழுத்துப் பூட்டினாள்.
சரியாக அந்த இடத்தில்.
முதல் உதையில் ஸ்கூட்டி எழும்பவில்லை.