சி பிளாக், மேற்குச் சுவர்

மே மாதம் மினி வேனில் வந்தார்கள்.
இரண்டு ஏணி, இருபது டப்பா பெயின்ட்,
மெல்வினா என்றொரு பெண், முழங்கைவரை நீலம்.
"வளரிளம் பிள்ளைகளோடு ஒரு சுவர்" என்ற தாளை
மோட்டார் ரூம் கதவில் ஒட்டிப்போனாள்.
அதில் சிரித்துக்கொண்டிருந்த பையனுக்கு
மறுநாள் மீசை முளைத்திருந்தது.
அதுதான் முதல் ஓவியம்.

ஓடம்போக்கி ஆற்றுக்குத் தெற்கே
ஏழு பிளாக்குகள், ஒரே உயரம், ஒரே மஞ்சள்.
ஆற்றங்கரைக் குடிசைகளை எண்ணி எடுத்துவந்து
மாடிமேல் மாடியாக அடுக்கியபோது
குலுக்கலில் எனக்குத் தரைத்தளம் விழுந்தது.
அதிர்ஷ்டக்காரி என்றார்கள்.
மேலேயுள்ள பதினோரு வீட்டுக் குளியல் தண்ணீர்
விரிசல் விட்ட குழாயில் இறங்கி
என் அடுப்படிச் சுவரில் குடியிருக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.
மேட்டூர் திறந்து நாற்பது நாளாகியும்
கடைமடைக்குப் போய்ச்சேராத தண்ணீர்
எனக்கு மட்டும் முறை வைக்காமல் வந்தது.

மெல்வினா கொண்டுவந்த படத்தில்
நாற்று நடும் பெண்கள், இரண்டு காளை, பெரிய சூரியன்.
"இதுல நாங்க எங்கக்கா?" என்றான் அஸ்லம்,
செல்போன் கடையில் ஸ்கிரீன் மாற்றுகிறவன்.
"காளைய நான் பால் பாக்கெட்லதான் பாத்திருக்கேன்."
இது ஸ்டெபின். பள்ளிக்கூடத்திலும் இல்லை,
வேலையிலும் இல்லை, படிக்கட்டில் இருப்பான்.
"அது பசுடா" என்றாள் எழிலி.
மெல்வினா கோபப்படவில்லை.
படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டி
வேனில் வைத்துவிட்டு வந்தாள்.

மூன்று நாள் சுவர் சும்மா இருந்தது.
நாலாம் நாள் ஸ்டெபின்
என் அடுப்படியின் வெளிப்பக்கம்
ஊறிப் பரவிய கறையையே பார்த்துக்கொண்டு நின்றான்.
"நேத்து இது ஜன்னலத் தொடல."
சாக்பீசால் அதன் ஓரத்தை ஒரு சுற்று வரைந்தான்.
விடிந்து பார்த்தால்
கறை கோட்டைத் தாண்டியிருந்தது,
இரண்டு விரற்கடை.

அப்புறம் ஞாயிறுதோறும் ஒரு நிறம்.
கறை நின்ற இடத்தில் கோடு,
கோட்டோரம் பொடி எழுத்தில் தேதி.
ஆரஞ்சு, கத்திரிப்பூ, பாசிப்பச்சை, மறுபடி ஆரஞ்சு.
டப்பாக்களை விட்டுவிட்டு
மெல்வினா மாதம் ஒருமுறைதான் வந்தாள்.
வந்தாலும் பிரஷ் கழுவினாள், அவ்வளவே.
நான் உள்ளேயிருந்து கத்தினேன்:
"என் வீட்டு அசிங்கத்துக்கு எதுக்குடீ ஜரிகை?"
எழிலி கையை இறக்காமல் சொன்னாள்:
"உங்க வீட்டுது இல்லத்தை.
பதினோரு வீட்டுது."
சோறு வடிக்கும்போது
சுவருக்கு அந்தப்பக்கம் பிரஷ் உரசுவது கேட்கும்.
என் முதுகில் யாரோ எழுதுவதுபோல் கூச்சமாக இருக்கும்.

ஐப்பசியில் இருபத்திரண்டு கோடுகள்.
திறப்புவிழாவுக்கு ரிப்பன் கட்டினார்கள்.
வாரியத்து இன்ஜினியர் கத்தரித்தார், கைதட்டினார்,
நல்ல மாடர்ன் ஆர்ட் என்றார்.
பிறகு கிட்டே போய்த் தேதிகளைப் படித்தார்.
மே, ஜூன் வாய்விட்டு. ஆகஸ்ட் முணுமுணுப்பாய்.
கடைசிக் கோடு காய்ந்துவிட்டதா என்று
விரல் வைத்துப் பார்த்தார்.
விரலை மோந்தும் பார்த்தார்.
ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.
அதை எப்படி அடக்கினார்களோ.

ஒன்பதாம் நாள் புதுக் குழாய் வந்தது.
கார்த்திகை அடைமழையிலும் கறை நகரவில்லை.
அரிசி டிரம்மைச் சுவரோரம் தள்ளிவைத்தேன்,
இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக.
ஞாயிற்றுக்கிழமை ஸ்டெபின் டப்பாவோடு வந்து
கோட்டருகே நின்றான்.
அடுத்த ஞாயிறும் நின்றான்.
நல்லது நடந்த இடத்தில்
இப்படி முகம் வாடி நிற்கிறவனை
என்ன சொல்லித் தேற்றுவது?

"ஈ பிளாக் மாடிப்படியில
மேல்தளம் ஒழுகுதாம்டா" என்றேன்.
"எவ்வளவு?" என்றான்.
அதற்குள் ஏணியின் ஒரு முனை அவன் தோளில்.
மறுமுனை தரையில் இழுபட்டது.
சத்தம் தாங்காமல் நான் தூக்கிக்கொண்டேன்,
அடுப்பில் உலை கொதிப்பதை மறந்து.