மூன்றை ஒன்றாக்குதல்

குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒன்று,
கீழே, வலைக்குள் போனால் மூன்று.
மற்றதெல்லாம் ஆட ஆடத் தெரியும் என்றாள் நீவ்.
தடுப்பூசிக்காகத் தோ பாயோவில்
எங்கள் கிளினிக்குக்கு வந்தவள்.
மேசை விளிம்பில் உருண்ட இருமல் மருந்துப் புட்டியை
நான் திரும்பிப் பாராமல் பிடித்ததைப் பார்த்துவிட்டாள்.
கோலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.
அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிப் போனேன்.

முதல் ஆட்டத்தில் ஏழு.
ஏழும் கீழே.

விளையாட்டின் பெயர் கேலிக் கால்பந்து.
அண்ணன் சும்மா விடுவானா.
பேரிலேயே இருக்கே, நான் வேறு பண்ணணுமா என்றான்.

அயர்லாந்துப் பெயர்கள்
எழுத்தில் ஒரு வழி போகும், வாயில் வேறு வழி வரும்.
தண்ணீர் குடிக்கும் இடைவேளையில்
அட்டையொன்றில் தமிழில் எழுதிக் காட்டினேன்:
நீவ். ஷிவான். ஈஃபா.
சொன்னபடி எழுத்து, எழுத்தின்படி சொல்.
ஷிவான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.
என் எழினியில் ழகரம் அவர்களுக்கு வழுக்கியது.
ஈசி ஆக்கிவிட்டார்கள்.
பந்து என் பக்கம் வரும்போதெல்லாம்
"ஈசி! ஈசி!" என்று கத்துவார்கள்.
எதிரணிக்குக் கோபம் வரும்.

நாலாம் வருஷம் இடது மோதிர விரல் கோணியது.
சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரர்
அளவு வளையங்களை ஒவ்வொன்றாய் மாட்டிப் பார்த்து
என்னம்மா வேலை என்றார்.
மாத்திரை எண்ணுகிற வேலை என்றேன்.
பொய்யில்லை.

மின்னல் எச்சரிக்கை ஊளையிட்டால்
எல்லாரும் கொட்டகைக்கு ஓடுவார்கள்.
கோல் கம்பத்திலிருந்துதான் அது ரொம்பத் தூரம்.
கடைசியாக, சொட்டச் சொட்ட,
பந்தோடு போய்ச் சேர்வேன்.

நீவ் போனாள், வேலை அனுமதி முடிந்து.
ஷிவான் துபாய்க்கு. ஈஃபா வயிற்றில் பிள்ளையோடு ஊருக்கு.
வருஷத்துக்கு இரண்டு விடைபெறும் விருந்து,
கேக்கின் மேல் பெயர் மட்டும் மாறும்.
முன்வரிசை மாறும், நடுவரிசை மாறும்,
நான் கோட்டில் நிற்பேன்.
புதிதாக வந்த கார்க் நகரத்துப் பெண்
பூட்ஸ் கட்டியபடி கேட்டாள்,
நீ இங்கே எவ்வளவு காலமாய்?
பிறந்ததிலிருந்து என்றேன்.
கயிற்றைக் கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டே இருந்தாள்.

முப்பத்தேழில் முழங்கால் போதும் என்றது.
கடைசி ஆட்டம் கோலாலம்பூர் அணியோடு.
பதினான்கு, பதினான்கு.
ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை.
நெட்டையான ஒருத்தி தூரத்திலிருந்தே உதைத்தாள்.
பந்து மேலே போய், மனம் மாறியதுபோல்
கம்பிக்கடியை நோக்கி இறங்கத் தொடங்கியது.
பிடிக்க முடியாது. அது தெரிந்துவிட்டது.
எகிறினேன்.
கோணல் விரலின் நுனி, அவ்வளவுதான்.
பட்டது.
கம்பிக்கு மேலே போயிற்று.

வெள்ளைக் கொடி அசைந்தது.
கோலாலம்பூர்ப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.
பதின்மூன்று வருஷம் நான் செய்தது இதைத்தான்,
மூன்றாய் வருவதை ஒன்றாக்கி அனுப்பினேன்.
தடுத்ததற்குக் கொடி கிடையாது.
போனதற்கு உண்டு.

வலையை அவிழ்த்தேன்.
எப்போதும் நான்தான் அவிழ்ப்பது,
அந்த முடிச்சுகள் வேறு யாருக்கும் பிடிபடவில்லை.

வீட்டில் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.
தேக்கா சந்தையில் முப்பது வருஷம் காய்கறி விற்றவள்,
எதையும் கணக்காகத்தான் கேட்பாள்.
ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே கேள்வி:
எத்தனை போட்டே?
ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பதில்.
இன்று சொன்னேன்,
தோத்துட்டோம்மா. மூணு வர வேண்டியது,
ஒண்ணுதான் வந்துச்சு.

கரண்டி நின்றது.
அப்ப ரெண்டு மிச்சம், என்றாள்.
மீனைத் திருப்பிப் போட்டாள்.