தள்ளி வைத்த அருவி

இந்த ஊரில் அருவி இல்லை.
மூன்று பக்கமும் கடல் இருக்கிறது,
கன்னியாவில் ஏழு கிணறு வெந்நீர்,
குழாயில் சிலவேளை தண்ணீர்.
ஆனாலும் அருவிதான் வேண்டுமாம்.
லண்டனிலிருந்து காசு அனுப்பியவர்
கலண்டர் படமும் அனுப்பியிருந்தார்.

சிறுநீரகப் பிரிவு. ஆறு கட்டில், ஆறு இயந்திரம்,
எதிரே என் சுவர்.
மணக்காத பெயின்ற் மட்டும் என்று
தாதி கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் சாம்பல்நீலம், கஞ்சித் தெளிவுபோலக் கரைத்து.
பழைய ஆஸ்பத்திரிப் பச்சையை
அங்கங்கே மூடாமல் விட்டேன், காடாகட்டும் என்று.
மறுநாள் பாறை. கருஞ்சிவப்பின்மேல் ஊதா,
காயமுன் பழஞ்சாரத்தால் ஒற்றியெடுத்தேன்,
ஈரம் கசிந்தது கல்லில்.
மூன்றாம் நாள் வெள்ளை:
அகலத் தூரிகை, மூச்சைப் பிடித்து
உச்சியிலிருந்து ஒரே இழுப்பு.
விழுந்தது.
எனக்கே இரைச்சல் கேட்டது.

"நல்லாத்தான் கீறிருக்கீங்க"
என்றார் நாலாம் கட்டில் நிஹ்மத்துல்லா,
கிண்ணியாவில் ஓட்டோ ஓடியவர்.
"எனக்கு ஒரு நாளைக்கு அரைப் போத்தல், தம்பி.
குளிசைக்கும் அதுக்குள்ளதான்.
இது வாய்க்கு எட்டுற தூரத்துல விழுது.
கொஞ்சம் தள்ளி வைங்க."

ஏணியில் நின்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

வெள்ளையில் ஒரு துளி கறுப்பு,
அரைத் துளி நீலம், மிச்சமெல்லாம் தண்ணீர்.
அவர் பார்க்க அந்த வாளியைக் கலக்கக் கூசி
வெளியே கொண்டுபோய்க் கலக்கினேன்.
ஒரு படலம் பூசி
மின்விசிறியைச் சுவருக்குத் திருப்பினேன்.
காய அரை மணி.
அவர் கட்டிலில் கிடப்பதோ நாலு மணி.

முதலில் அடிவாரம் போனது, நுரையோடு.
பிறகு பாறையின் ஊதா.
ஒவ்வொரு படலத்துக்கும் திரும்பிப் பார்ப்பேன்.
கையில் குழாய், அசைக்க முடியாது;
நாடியால் காட்டுவார்: இன்னும்.
ஐந்தாவதில் இரைச்சல் நின்றது.
ஏழாவதில்
விடியப்புறம் இங்கிருந்து பார்க்க
மூதூர்க் கரை தெரியுமே, இருக்கா இல்லையா என்று,
அப்படி ஒரு நூல் வெளிச்சம் மட்டும்.

"இப்ப சரி" என்றார்.
கண்ணைச் சுருக்கி நெடுநேரம் அளந்தார்.
"அங்க போறதெண்டா ஐயாயிரம் கேப்பன்.
திரும்பி வாற காசு வேற."

படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பினேன்.
'அருவி எங்கே? கமரா பழுதா?' என்று பதில் வந்தது.

நான் தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன்,
குழாயைக் கால்வாசிதான் திறந்து,
சத்தம் வராமல்.